சவரடியில் எறும்பு

போன வாரம் மைமூனாவைக் குளியலறை வாசலில் குனிந்தபடியே விட்டுவிட்டுப் போய்விட்டோம். ஒரு கிழமை குனிந்து நின்றால் யாருக்கும் இடுப்புப் பிடிக்கும். முதலில் அவளை நிமிர்த்திவிடுவோம்.

நிமிர்ந்தாள். கண் மட்டும் நிமிரவில்லை.

தலைக்கு மேலிருந்து தண்ணீர் சொரியும் சவருக்கு நேர் கீழே, தண்ணீர் வெளியே போகும் ஓட்டையைச் சுற்றி எறும்பு மொய்த்திருந்தது. சுவர் மூலையிலிருந்து கறுப்பு நூல் விட்டதுபோல ஒரு வரிசை இறங்கி, சீமெந்துத் தரையைக் கடந்து, ஓட்டை விளிம்பில் வந்து குவிந்திருந்தது. ஏதோ கந்தூரிச் சோற்றுக்கு அழைப்பு வைத்ததுபோல அவ்வளவு அவசரம், அவ்வளவு ஒழுங்கு.

தேய்த்துக் குளிக்கிற சவர்க்காரத்துக்கு எறும்பு வராது. குளியலறைக்குள் இருந்து யாரும் பலகாரம் தின்பதுமில்லை. வேறு எதற்கு வரும் என்பது மைமூனாவுக்குத் தெரியும். இரண்டு விஷயம். ஒன்று, குளிக்கிற இடத்தில் யாரோ சலம் போகிறார்கள், மூத்திரம்தான். மற்றது, அந்த யாரோவின் உடம்பில் சீனி வருத்தம், நீரிழிவு, இருக்கிறது.

அந்தச் சவர் லேசுப்பட்ட சவர் அல்ல. வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது போட்ட ஏலத்தில், அவளுடைய புருஷன் முஹம்மது தம்பி முதலாளி அடித்துப் பேசி எடுத்தது. பித்தளை. சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு வாய் அகன்றது. கப்பல் கப்டன் ஒருவனின் தலையில் தண்ணீர் வார்த்த சவர் என்று உள்துறைமுக வீதியிலிருந்த தன் கடைக்குக் கயிறும் தாரும் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். எந்தக் கப்டன் என்று கேட்டால் பேச்சைத் தாரின் விலைக்குத் திருப்பிவிடுவார்.

மகள் றுக்கியாவுக்குக் கலியாணம் பேசியதும் மணமக்களின் அறையோடு ஒட்டிக் குளியலறை கட்டி அதைப் பூட்டினார்கள். இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவான். கிண்ணியாவிலிருந்து தாஹிர் அப்படித்தான் வந்தான். வந்தவன் மனம் குளிரவேண்டுமே என்று சவர். ஆனால் சவருக்கு அவிழ்ந்த மடி கக்கூசுக்கு அவிழவில்லை. அது பழையபடி வளவின் கடைக்கோடியில், கயிற்றுக் கிடங்கையும் தாண்டி நின்றது.

மைமூனா ஒரு வாளி தண்ணீரை ஊற்றி எறும்பைக் கழுவிவிட்டாள். பினாயிலும் தெளித்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் அதே நூல், அதே குவியல்.

சின்ன வயதில் மூதூரில் ஓதக் கொடுத்த லெப்பை சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. குளிக்கிற இடத்தில் சலம் போகக் கூடாது, போனால் வஸ்வாஸ் பிடிக்கும், மனது ஓயாமல் ஐயப்பட்டுக்கொண்டே இருக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். போனது யாரோ. வஸ்வாஸ் பிடித்தது மைமூனாவுக்கு.

ஐயப்படாமல் என்ன செய்வாள்? றுக்கியாவுக்கு ஏழு மாதம். போன வருஷம் பிறந்த முதல் பிள்ளை நல்ல பெரிய பிள்ளை, செக்கச்செவேல் என்று, கை கால் மடிப்பு மடிப்பாக. கண்டவர்கள் எல்லோரும் எவ்வளவு பெரிய பிள்ளை என்றார்கள். அந்தப் பிள்ளை அழவில்லை. மூச்சில்லாமலே பிறந்தது. கண்ணூறு என்றார்கள், கச்சான் காற்றில் சூடு ஏறிவிட்டது என்றார்கள், வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னார்கள். அடக்கிவிட்டு வந்த அன்றைக்கே மைமூனா மனதுக்குள் ஒன்றை முடிந்து வைத்தாள். அடுத்தது உயிரோடு பிறக்க வேண்டும். அதற்கு யாரைப் பகைத்தாலும் சரி.

இப்போது மருமகனின் உடம்பில் சீனி என்றால்? அதைக் கிண்ணியாக்காரர் மறைத்துக் கட்டி வைத்தார்கள் என்றால்? தகப்பனின் கெட்ட இரத்தம்தான் முதல் பிள்ளையைத் தின்றது என்றால்?

அந்தக் குளியலறைக்குள் போகிறவர்கள் இரண்டே பேர். முஹம்மது தம்பி கிணற்றடியில் குளிக்கிறவர். மகளின் அறைப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டார். றுக்கியாவோ மைமூனா பெற்று வளர்த்த பிள்ளை. தன் கடைச் சரக்கில் எந்த வியாபாரி ஓட்டை தேடுவான்? ஆக, மிஞ்சியது தாஹிர்.

நேரே கேட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மாமி மருமகனோடு முகம் பார்த்துக் கதைக்கிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. சோறு திரைக்கு இந்தப் பக்கமிருந்து போகும், வெறும் கோப்பை அந்தப் பக்கமிருந்து வரும். நடுவில் சொல்லவேண்டியது எதுவானாலும் றுக்கியாதான் காவிக்கொண்டு போவாள், காவிக்கொண்டு வருவாள். தாஹிருக்கு இறால் பிடிக்கும் என்பதும், ஆணம் உறைப்புக் கூடிப்போயிற்று என்பதும் அந்த வழியாகத்தான் மைமூனாவுக்கு எட்டியவை.

ஆகவே அன்று காலை குசினியில் றுக்கியா இறால் உரித்துக்கொண்டிருக்கும்போது மைமூனா பக்கத்தில் குந்தினாள்.

"மகள், உன்ட மாப்பிள்ளையிட்ட ஒரு விஷயம் கேக்கணும்."

"என்ன உம்மா?"

"சவரடியில ஒண்டுக்கும் போறவரோ எண்டு கேள். உம்மா கேட்டதெண்டு சொல்லாத."

றுக்கியாவின் கை இறாலிலேயே நின்றது. இதையெல்லாம் எப்படிக் கேட்கிறது என்றாள். புருஷனிடம் கேட்காமல் பக்கத்து வீட்டானிடமா கேட்கிறது என்றாள் மைமூனா. றுக்கியா கையைக் கழுவிக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி மெல்ல எழும்பி அறைக்குள் போனாள். போன சூட்டோடு வந்தாள்.

"ஓமாம் உம்மா. அவர்தானாம். இனிப் போகமாட்டாராம்."

மைமூனாவுக்கு மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. அவள் கடைக்காரன் மகள், கடைக்காரன் பெண்சாதி. கேட்ட விலைக்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டுகிறவனை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. குற்றத்தை இவ்வளவு மலிவாக ஒத்துக்கொள்கிறான் என்றால், பின்னால் அதைவிடப் பெரிய குற்றம் ஒளித்துக் கிடக்கிறது. போவதை நிறுத்திவிட்டால் எறும்பு நின்றுவிடும். எறும்பு நின்றால் வருத்தம் நின்றதாகுமா? சாட்சிதான் போகும்.

தாஹிர் கடைக்குப் புறப்பட்டுப் போனதும் அவளும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மத்திய வீதிப் பக்கம் நடந்தாள்.

அப்போதிக்கரி பாலசிங்கம் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்து இளைப்பாறியபின் சொந்தமாக டிஸ்பென்சரி வைத்திருந்தார். துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்கள், சல்லிக் கிராமத்திலிருந்து வரும் மீன்காரர், முதலாளிமார் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் உட்கார ஒரே வாங்கு, கேட்க ஒரே வசவு. மைமூனா மகளின் வாந்திக்கு மருந்து கேட்பதுபோலத் தொடங்கி, ஊரைச் சுற்றி, கடைசியில் யாரோ ஒரு தெரிந்த வீட்டில் குளியலறையில் சலம் போகிறார்களாம், அதனால் வீட்டிலுள்ளவர்களுக்கு என்ன வருத்தம் வரும் என்று கேட்டாள்.

பாலசிங்கம் சிரிக்காமல் பதில் சொன்னார். தண்ணீர் நன்றாக ஓடினால் சலமும் அதோடு ஓடிவிடும், அதனால் யாரும் செத்ததாகத் தான் கேள்விப்படவில்லை என்றார். தேங்கி நின்றால் மணக்கும், தரை வழுக்கும். காலில் வெடிப்பு, புண் உள்ளவர்கள் அதில் மிதிக்காமல் இருப்பது நல்லது. குளிக்கிற இடம் குளிக்கிற இடமாக இருப்பதே துப்புரவு. ஆனால் அடக்கி வைத்திருப்பது அதைவிடக் கெடுதல், முக்கியமாகப் பெண்களுக்கு. கடற்படை மாலுமிகள் எல்லாம் சவருக்குக் கீழேதான் போனார்கள்; அவர்களுக்கு வந்த வருத்தங்கள் வேறு வழியால் வந்தவை என்றார். எந்த வழி என்று மைமூனா கேட்கவில்லை. முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

பிறகுதான் எறும்பைப் பற்றிச் சொன்னாள்.

பாலசிங்கம் மருந்து கலக்குவதை நிறுத்தினார். குரலும் மாறியது.

"தெரிஞ்ச வீடு எண்டது உங்கட வீடுதானே அம்மா? வீட்டில ஆருக்காவது சீனி வருத்தம் இருக்கோ? உங்கட பக்கம், முதலாளிட பக்கம்?"

"இல்லை ஐயா. எங்கட பக்கம் அப்படி ஒண்டும் இல்லை."

பொய். மூதூரில் அவளுடைய வாப்பா கடைசிக் காலத்தில் முருங்கை மரத்தடியில் போன இடமெல்லாம் எறும்பு மொய்த்தது. கால் விரலில் வந்த புண் முழங்கால்வரை ஏறி, அதிலேதான் மௌத்தானார். எறும்பைக் கண்டதும் அவளுக்கு விளங்கியது அந்த முருங்கை மரத்தடியில் படித்த பாடம். கிண்ணியாக்காரர் பெண் பார்க்க வந்தபோது பரம்பரையில் வருத்தம் வாதை உண்டா என்று நேராகவே கேட்டார்கள். முஹம்மது தம்பி, கலப்படமில்லாத சரக்கு என்று சத்தியம் பண்ணுகிற அதே குரலில், ஒன்றும் இல்லை என்றார். திரைக்குப் பின்னால் இருந்த மைமூனா வாய் திறக்கவில்லை.

அதெல்லாம் இப்போது எதற்கு? எறும்பு வருவது தாஹிருக்கு. அப்படி நினைத்துக்கொண்டுதான் அவள் பாலசிங்கத்திடம் கெஞ்சினாள். மருமகனைக் கூப்பிட்டுச் சோதிக்க வேண்டும். மாமி சொன்னதென்று தெரியக்கூடாது. துறைமுகத்துக்குள் போக எடுக்கிற பாசுக்கு உடம்பு பார்க்க வேண்டும் என்று ஏதாவது சொல்லுங்கள்.

தான் அப்போதிக்கரியே தவிர நாடகக்காரன் இல்லை என்றார் பாலசிங்கம். பிறக்கப் போகிற பிள்ளைக்காக என்றாள் மைமூனா. அவர் சரி என்றார். சலத்தில் சீனி இருந்தால் கொதிக்கவைக்கிற நீல மருந்து நிறம் மாறிச் சிவக்கும், இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும் என்றார்.

வீடு திரும்பும்போது அவளுக்கு நடை லேசாக இருந்தது. பாதிப் பேரம் முடிந்த மாதிரி. இனி உண்மை வெளிவரும். வந்தால் கிண்ணியாக்காரரை முற்றத்தில் நிறுத்திக் கேட்க வேண்டியதெல்லாம் அவளுக்கு வரிசையாக நாவில் வந்து நின்றது.

மத்தியானம் தாஹிர் சாப்பிட வந்தான். கச்சான் வீசி அடித்தது. துறைமுகத்துப் பக்கமிருந்து தார் மணமும் புழுதியும் சேர்ந்து வந்தன. மைமூனா திரைக்கு உள்ளே சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமாகக் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்கும். அன்றைக்குக் கேட்கவில்லை.

"மாமி."

அவள் கையில் அகப்பை அப்படியே நின்றது. கலியாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் குரல் அந்தச் சொல்லைத் திரையை நோக்கிச் சொன்னதில்லை.

"அப்போதிக்கரி ஐயா பாசுக்கு எண்டு கூப்பிட்டுச் சலம் சோதிச்சார். பாசுக்குச் சலம் பாக்கிறதெண்டு நான் கேள்விப்படல்ல. விடாமக் கேட்டன். நீங்கதான் சொல்லிவிட்டனீங்க எண்டார்."

பாலசிங்கத்தை மனதுக்குள் நன்றாக ஏசினாள் மைமூனா. ஏசி முடிய, வேறு வழியில்லாமல் திரையைப் பார்த்தே பேசினாள்.

"என்ன நிறம் வந்தது?"

"நீலம். அவர் ஊத்தின மருந்தும் நீலம், கொதிச்ச பிறகும் நீலம். சீனி துளியும் இல்லையாம். இப்ப நான் கேக்கலாமா மாமி, என்னத்துக்கு இந்தச் சோதனை?"

"சவரடியில எறும்பு."

"எறும்புக்கும் எனக்கும் என்ன?"

"நீங்கதானே ஒத்துக்கொண்டனீங்க. அங்கதான் போறதெண்டு, இனிப் போகமாட்டன் எண்டு."

திரைக்கு அப்பால் அவன் காலடி கிட்ட வந்தது.

"என்னிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்லியே மாமி. காலையில உங்கட மகள் வந்து அலுமாரியத் திறந்து மூடிட்டுப் போனா. அவ்வளவுதான்."

மைமூனா திரும்பினாள்.

குசினி வாசலில் றுக்கியா செம்பை அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் குடத்தில் மொண்டாள். மறுபடியும் ஊற்றினாள். தண்ணீர் கழுத்து வழியே ஓடிச் சட்டையை நனைத்தது, அவள் துடைக்கவில்லை. வயிறுதான் பெரிதே ஒழிய முகம் வற்றி, கைகள் ஈர்க்குப் போல இருந்தன. இதையெல்லாம் மைமூனா நாள்தோறும் பார்த்துத்தான் இருந்தாள். கச்சான் காலத்துத் தாகம் என்றாள், பிள்ளைத்தாச்சி மெலிவது சகஜம் என்றாள், சும்மா சும்மா ஒண்டுக்கு எழும்புவது பிள்ளை தலை திரும்புவதால் என்றாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை போட்டு ஒதுக்கி வைத்தவள், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தரமும் பார்க்கவில்லை.

"றுக்கியா, அது நீயா?"

றுக்கியா செம்பைக் கீழே வைத்தாள். தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். அடிக்கடி வருகிறது, தாங்க ஏலாது. கக்கூசுக்குப் போவதென்றால் கிடங்கு வாசலைக் கடக்க வேண்டும். அங்கே கயிறு சுருட்டுகிற ஆட்கள் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குந்தியிருப்பார்கள். முதல் முறை போகும்போது ஒதுங்கி வழிவிடுவார்கள். இரண்டாம் முறை ஒருவன் செருமுவான். அதற்குப் பிறகு போனால் சிரிப்புச் சத்தம் முதுகில் விழும். ஒரு நாள் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டாள். சவரைத் திறந்துவிட்டால் சத்தமும் கேட்காது, தண்ணீரோடு போய்விடும் என்று நினைத்தாள். பகலில் மேல் தொட்டியில் தண்ணீர் குறைந்துவிடும், சவர் சொட்டும். எறும்புக்கு அது போதும்.

"உங்களிட்டச் சொல்ல வெக்கம் உம்மா. அவர் எண்டு சொன்னா நீங்க கேக்கமாட்டீங்க எண்டு நினைச்சன்."

ஆம், கேட்கமாட்டாள்தான். நல்ல வழக்கம், நல்ல திரை. கேள்வியைக் காவிப்போன பிள்ளையே பதிலையும் செய்து கொண்டுவந்திருக்கிறாள். வேறு எந்த வீட்டிலும் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும் காரியம்.

திரை விலகியது. தாஹிர் உள்ளே வந்து நின்றான். மைமூனா முக்காட்டைத் தேடினாள். அவன் அவளைப் பார்க்கவேயில்லை. றுக்கியாவைத்தான் பார்த்தான். சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை. செருப்பைப் போட்டுக்கொள், போவோம் என்றான்.

கோர்டியல் சர்பத் போத்தல் ஒன்றைக் கழுவி, அதில் றுக்கியாவின் சலத்தை எடுத்து, துணியில் சுற்றிக்கொண்டு மூன்று பேரும் பாலசிங்கத்தின் டிஸ்பென்சரிக்குப் போனார்கள். பாலசிங்கம் போத்தலை வாங்கிக்கொண்டார். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சில துளிகள் விட்டு, ஸ்பிரிட் விளக்கின் மேல் பிடித்தார்.

நீலம் கொதித்தது. மைமூனா அதை நீலமாகவே இருக்கச் சொல்லி அல்லாஹ்வைக் கேட்டுக்கொண்டாள். காலையில் இதே குழாய் நிறம் மாறவேண்டும் என்று ஆசைப்பட்டவளும் அவள்தான். ஓரத்தில் பச்சை தெரிந்தது. பச்சை மஞ்சளாயிற்று. மஞ்சள் கலங்கி, அடியிலிருந்து கிளம்பி, சுட்ட செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

பாலசிங்கம் குழாயைச் சட்டத்தில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பிள்ளைய ஏசாதேங்கோ. நல்ல காலம், கக்கூசுக்குப் போகேல்ல. அந்தக் குழிக்குள்ள போயிருந்தா எறும்பை ஆர் காணுறது?"

பிறகு கேட்டார். "முதல் பிள்ளை பெரிய பிள்ளையோ?"

மைமூனா வாய் திறக்குமுன் தாஹிர் சொன்னான்.

"பெரிய பிள்ளை ஐயா. நான்தான் தூக்கிக்கொண்டு போனனான். பாரமாத்தான் இருந்தது."

பாலசிங்கம் பேனாவை எடுத்தார். ஒரு துண்டில் இரண்டு வரி எழுதிக் கொடுத்து, வீட்டுக்குப் போகாமல் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். இப்படி வருத்தமுள்ள தாயின் வயிற்றில் பிள்ளை அளவுக்கு மீறி வளரும், கடைசி மாதத்தில்தான் ஆபத்து, இன்னும் நேரமிருக்கிறது என்றார். இன்னும் நேரமிருக்கிறது என்பதை மட்டும் மைமூனா வாசல் தாண்டும்வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் குழல் வைத்துக் கேட்டார். பிள்ளையின் இதயம் நன்றாக அடிக்கிறது. ஆனால் பெறும்வரை றுக்கியா அங்கேயே தங்க வேண்டும். தினமும் ஊசி, அளந்த சாப்பாடு, அளந்த சோதனை. நாள் வருமுன்பே பிள்ளையை எடுக்க வேண்டி வரலாம். ஒழுங்காக நடந்தால் நம்பிக்கை உண்டு என்றார். தாஹிரை விபரம் கேட்க அறைக்குள் அழைத்துப் போனார்.

மைமூனா கட்டிலருகே இருந்தாள். கிடங்கு ஆட்களை நாளைக்கே கடற்கரைப் பக்கத்துக் கொட்டகைக்கு அனுப்பவேண்டும், அறையோடு ஒட்டிக் கக்கூசும் கட்டவேண்டும் என்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். றுக்கியா அதைக் கேட்கவில்லை. கூரையைப் பார்த்தபடி மெல்லிய குரலில் சொன்னாள்.

"போன முறையும் எறும்பு வந்தது உம்மா."

"எங்க?"

"அப்ப சவரடியில இல்ல. கிணத்தடி மணலில. எனக்குப் பயமாப் போச்சு. நீங்க மூதூருக்குப் போயிருந்தீங்க. வாப்பாட்டச் சொன்னனான்."

மைமூனாவின் கை மகளின் கைமேல் இருந்தது. அதை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

"வாப்பா என்ன சொன்னவர்?"

"பிள்ளைத்தாச்சிக்கு அப்படித்தான் வரும், பெத்தாப் போயிடும் எண்டார். தாஹிர்ட ஆக்கள்ட காதுக்கு எட்டினா வீடு நாறிடும், உம்மாட்டையும் சொல்லாத எண்டார். மணலை அவர்தான் மண்வெட்டியால புரட்டிவிட்டவர்."

அதற்குப் பிறகு றுக்கியா அழுதாளா, உறங்கிப்போனாளா என்று மைமூனாவுக்குத் தெரியாது. அவள் எழும்பி வெளி வாங்கில் வந்து உட்கார்ந்துவிட்டாள். நாள் முழுக்க மருமகனைச் சந்தேகித்தாள், மகளைச் சந்தேகித்தாள், கிண்ணியாவின் பரம்பரையையே சந்தேகித்தாள். ஒரே பாயில் படுக்கிற ஆளை மட்டும் விட்டுவிட்டாள்.

டாக்டரின் அறைக் கதவு திறந்தது. தாஹிர் வந்து அவளுக்கு முன்னால் நின்றான். நடுவில் திரை இல்லை, காவிப்போக றுக்கியாவும் இல்லை.

"மாமி, டாக்டர் ஒரு விஷயம் கேக்கிறார். பெண் பக்கத்தில ஆருக்காவது இந்த வருத்தம் இருந்ததா எண்டு. மருந்து குடுக்கிறதுக்கு அது தெரியணுமாம். கலியாணம் பேசக்குள்ள இல்லை எண்டு மாமா சொன்னவர். நான் இப்ப என்ன சொல்ல?"

இல்லை என்று சொன்னால் வீட்டு மானம் நிற்கும். பாலசிங்கத்திடம் காலையில் அவள் சொன்னது அதுதான். உண்டு என்று சொன்னால் கிண்ணியாக்காரர் லோஞ்ச் படகு பிடித்து வந்து முற்றத்தில் நின்று கேட்பார்கள். கேட்க அவர்களுக்கு நியாயமும் உண்டு. இவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் தடுக்க வாயிருக்காது. உள்ளே, கதவுக்கு அப்பால், டாக்டர் பேனாவோடு காத்திருந்தார்.

"என்ட வாப்பாவுக்கு இருந்தது" என்றாள் மைமூனா. "அதிலதான் மௌத்தானவர். போய்ச் சொல்லுங்க."

தாஹிர் தலையசைத்தான். உள்ளே போனான். திரும்பி வந்தபோது வாங்கின் மற்றக் கோடியில் உட்கார்ந்தான். இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம்.

"மாமாவுக்குத் தெரியுமா?"

அவள் சொல்லுமுன் அந்த மாமாவே வந்துவிட்டார். யாரோ கடைக்குச் செய்தி சொல்லியிருக்க வேண்டும். வராந்தாவின் அந்தக் கோடியில் முஹம்மது தம்பி முதலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஒரு பை தோடம்பழத்தோடு விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தார். முகத்தில் கடைச் சிரிப்பு. கிட்ட வருமுன்பே பேச்சுத் தொடங்கிவிட்டது. ஒன்றுமில்லை, எல்லாம் கச்சான் சூடு, நாலு நாள் நல்ல சாப்பாடு சாப்பிட்டால் சரியாகிவிடும், இந்த டாக்டர்மாருக்கு எதையும் பெரிதாக்கித்தான் பழக்கம் என்றார்.

தாஹிர் மரியாதையாக எழும்பினான். பழப் பையை வாங்கிக் கீழே வைத்தான். வாங்கின் நடுவைக் கையால் காட்டினான்.

"இருங்க மாமா. ஒரு கதை கேக்கணும்."

விலை சொல்லுமுன் கூட்டாளியின் முகத்தைப் பார்க்கிற வியாபாரியைப் போல, முஹம்மது தம்பி மைமூனாவைப் பார்த்தார். மைமூனா முகத்தைத் திருப்பவில்லை. சைகையும் காட்டவில்லை. மகள் சொன்ன மணல் கதையை அவர் தன் வாயாலேயே சொல்கிறாரா என்று கேட்கத்தான் அவளும் காத்திருந்தாள்.